விலகாமல் நின்றால் பேஸ் இல்லை

1

டென்மார்க்கில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகத்துக்குச் சம்பளம் இல்லை. சனிக்கிழமைகளில் பேஸ்போல் விளையாடும் பிள்ளைகளுக்கு நடுவராக நிற்பதுதான் அந்த உத்தியோகம். ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்றே கேட்கிறார்கள். குளிரைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் பேஸ்போலைப் பற்றி எழுதுகிறேன். போன சனிக்கிழமை நடந்த ஒரு சங்கதி மனதில் கிடந்து உழக்குகிறது. எழுதினால் கொஞ்சம் ஆறும்.

உத்தியோகம் வந்த வழியை முதலில் சொல்கிறேன். இங்கே நகரசபையைக் கொம்யூன் என்பார்கள். எங்களைப் போல வந்து சேர்ந்த குடும்பங்களைக் கவனிக்கக் கொம்யூனில் அலுவலர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தவர் பொறுமைசாலியான ஒரு பெண்மணி. வீடு, வைத்தியர், பிள்ளையின் பள்ளிக்கூடம், என்னுடைய மொழிவகுப்பு எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டு, "ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞனாக இருந்தவன். அரசாங்கம் என்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறது, இதைக் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்து, "பள்ளிக்கூடக் கிரிக்கெட்டுக்கு அம்பயராக நிற்பேன்" என்றேன். காணாமல் போன வீட்டுத் திறப்பு கிடைத்ததுபோல அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்தது.

சில நாள் கழித்து யென்ஸ் வந்து கதவைத் தட்டினார். ஹோர்சன்ஸில் என் மகள் வதனி படிக்கும் பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி ஆசிரியர் அவர். இளவயதில் ஒரு வருடம் அமெரிக்காவில் இருந்தாராம். அங்கே போகிறவர்கள் தொப்பி கொண்டு வருவார்கள், சட்டை கொண்டு வருவார்கள். இவர் ஒரு விளையாட்டையே கொண்டு வந்துவிட்டார். கால்பந்தைத் தவிர வேறு ஒன்றையும் திரும்பிப் பார்க்காத இந்த ஊரில், பெடியன்களும் பெட்டைகளுமாக ஒரு அணி சேர்த்து வைத்திருந்தார். நடுவர்தான் இல்லை.

"உங்களுக்குக் கிரிக்கெட் தெரியும். பந்து எங்கே போனாலும் பந்துதானே" என்றார்.

அது எவ்வளவு பெரிய பிழை என்று அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அவர் போன பிறகு என் மனைவி கமலா, "ஊரிலையும் வெயிலுக்கை நிண்டியள், இஞ்சையும் நிக்கப் போறியள். உங்கட சாதகம் அப்பிடி" என்றாள்.

"இஞ்சை வெயில் எங்கையப்பா கிடக்கு?" என்றேன்.

நான் சம்மதித்ததற்கு உண்மையான காரணம் வேறு. வதனி அந்த அணியில் இருந்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. இங்கே வந்த நாளிலிருந்து அவளுடைய தமிழ் கோடைக்காலக் கிணறுபோலக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நான் தமிழில் கேட்பேன், அவள் டெனிஷில் பதில் சொல்வாள். பதிலும் வரவரச் சுருங்கி "யா", "நை" என்ற அளவில் வந்து நின்றது. அவள் நிற்கிற இடத்தில் கிழமைக்கு ஒரு தரமாவது நானும் நிற்கலாம் என்று ஆசைப்பட்டேன். வேறொன்றும் இல்லை.

2

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குப் பேஸ்போலை இப்படிச் சொல்லலாம். விக்கெட் கிடையாது. பந்து நிலத்தில் குத்தாமல் நேரே உடம்புயரத்துக்கு வரும். அடித்தவர் மூன்று மூலைகளைச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ஓட்டம். அந்த மூலைகளைத்தான் பேஸ் என்கிறார்கள். ஓடுகிறவர் ஒவ்வொரு பேஸிலும் தரித்து நின்று, அடுத்தவர் அடிக்கும்போது மேலே ஓடலாம்.

அணியில் சேர்ந்த புதிதில் வதனிக்குப் பந்தைக் கண்டால் பயம். பந்து வரும்போதே கண்ணை மூடிக்கொண்டு பின்னுக்குப் போவாள். எங்கள் மாடிக்கட்டடத்துக்குப் பின்னால் ஒரு புல்வெளி இருக்கிறது. அங்கே டென்னிஸ் பந்தால் அவளைப் பழக்கினேன். எனக்குப் பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் பழக்கிய மாஸ்டர் கயிறும் கட்டையும் வைத்திருப்பார். பந்துக்குப் பயந்து விலகுகிறவனின் பின்னங்காலைக் கட்டையோடு கட்டிவிடுவார். பிறகு எங்கே விலகுவது? ஒரு பள்ளித் தவணை முழுவதும் நான் அப்படிக் கட்டுண்டு நின்றிருக்கிறேன். விலா எலும்பில் இரண்டு முறை வாங்கியும் இருக்கிறேன். அதன் பிறகு நான் விலகியதில்லை.

பெட்டைப்பிள்ளையைக் கட்டிவைக்க மனம் வரவில்லை. என் சைக்கிளை அவளுடைய காலுக்குப் பின்னால் ஒட்டினாற்போல நிறுத்தினேன். பின்னுக்கு ஒரு அடி வைத்தால் சைக்கிள் இடிக்கும்.

"பந்தைப் பார். விலகாதை. ஒருக்கா விலகினியெண்டால் பேந்து ஒருநாளும் அடிக்க மாட்டாய்."

வதனி கெட்டிக்காரி. சில மாலைகளிலேயே அசையாமல் நிற்கப் பழகிவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. டென்மார்க்கில் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடிய ஒரே பாடம் அதுதான் என்று தோன்றியது. மற்றதெல்லாம் அவள்தான் எனக்குச் சொல்லித்தந்தாள், பஸ் டிக்கெட் குத்துவது உட்பட.

3

முதல் போட்டியிலேயே நான் பெயரெடுத்துவிட்டேன்.

எங்கள் அணிப் பெடியன் ஒருவன் அடிக்க நின்றான். எறிந்த பந்து அவனுடைய தொடையில் பட்டு உருண்டு போனது. கிரிக்கெட்டில் உடம்பில் பட்ட பந்து உயிரோடுதான் இருக்கும். ஓடுகிறவர்கள் ஓடலாம். நடுவர் வாயைத் திறக்கக்கூடாது. ஓட்டம் முடிந்ததும் ஒரு காலைத் தூக்கி, முழங்காலைக் கையால் தட்டிக் காட்டுவார். பந்து துடுப்பில் படவில்லை, உடம்பில் பட்டது என்று புள்ளி எழுதுகிறவருக்குச் சொல்லும் சைகை அது.

நானும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் பேஸில் நின்ற பெட்டை, நடுவர் ஒன்றும் சொல்லவில்லையே என்று ஓடி வந்து சேர்ந்தாள். எதிரணிப் பெடியன் பந்தைப் பொறுக்கி எங்கேயோ எறிந்தான். அடிபட்ட பிள்ளை நிலத்தில் இருந்து அழுதுகொண்டிருந்தான். இவ்வளவும் ஓய்ந்த பிறகு நான் நிமிர்ந்து நின்று, மிகுந்த கம்பீரத்தோடு வலது காலைத் தூக்கி முழங்காலைத் தட்டினேன்.

எல்லோரும் என் காலையே பார்த்தார்கள். பேஸ்போலில் எறிந்த பந்து பிள்ளையில் பட்ட உடனேயே அது செத்த பந்து. "டெட் போல்" என்று நடுவர் கத்த வேண்டும், எல்லோரும் நிற்க வேண்டும். யென்ஸ் இரண்டு கைகளையும் உயர்த்தியபடி ஓடி வந்து, "டெட் போல்! டெட் போல்!" என்று கத்தினார். அழுகிற பிள்ளையைத் தூக்கி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து அக்கறையாகக் கேட்டார்.

"உங்கள் காலிலும் பட்டுவிட்டதா?"

ஓரத்து வாங்குப் பலகையில் இருந்த வதனி தன் தோல் கையுறைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளைக் கண்ட இடமெல்லாம் காலைத் தூக்கி முழங்காலைத் தட்டினார்களாம். அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் தமிழில் கதைத்தாள். எனக்கு வடிவாக விளங்க வேண்டும் என்று நினைத்திருப்பாள்.

"அப்பா, வாறதெண்டால் ஒழுங்காப் படிச்சிட்டு வாங்கோ. இன்னொருக்கா காலைத் தூக்கினியளெண்டால் நான் விளையாட்டை விட்டிடுவன்."

கமலா என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன்.

4

படித்தேன். யென்ஸிடம் ஆங்கிலத்தில் ஒரு விதிப்புத்தகம் இருந்தது. கச்சேரியில் சுற்றறிக்கை படித்த கண்ணால் அதைப் படித்தேன். செத்த பந்தைப் பற்றிய பகுதி எனக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. எறிந்த பந்து அடிக்க நிற்பவரில் பட்டால் செத்தது. அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தால் செத்தது. பார்க்க வந்தவர்களின் வாங்குக்குக் கீழே ஓடினால் செத்தது. நடுவர் "டைம்" என்றால் அப்போதும் செத்தது. செத்த நேரத்தில் ஒருவரும் அவுட் ஆக முடியாது, தன் பாட்டுக்கு ஓடவும் முடியாது. நடுவர் கொடுத்தால் மட்டும் ஒரு பேஸ் முன்னே போகலாம். பிறகு எறிகிறவர் பந்தோடு தன் இடத்தில் வந்து நிற்க, நடுவர் "பிளே" என்று சொல்ல, பந்து திரும்ப உயிர்பெறும்.

பிள்ளைகளின் விளையாட்டில் இதை நடைமுறைப்படுத்துவது வேறு கலை. பிள்ளைகளுக்கு ஓடத் தொடங்கினால் காது கேட்காது. ஆகவே முதலில் இரண்டு கைகளும் மேலே போக வேண்டும், அடுத்தது சத்தம், அதற்குப் பிறகுதான் அடிபட்ட பிள்ளை. தொடக்கத்தில் நான் தகப்பன் மனத்தோடு முதலில் பிள்ளையிடம் ஓடிவிடுவேன். அதற்குள் இரண்டு பேர் பேஸ் மாறியிருப்பார்கள். ஒருமுறை ஒரு நாய் பந்தைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. புத்தகத்தில் நாயைக் காணவில்லை. யென்ஸும் நானும் கலந்து பேசி அதையும் செத்த பந்து என்று தீர்த்தோம். நாய்க்கு மட்டும் அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை.

கடினமான இடம் ஒன்றுதான். பந்து பட்ட பிள்ளைக்கு முதல் பேஸ் இலவசம். ஆனால் பிள்ளை பந்திலிருந்து விலகப் பார்த்திருக்க வேண்டும். வேண்டுமென்று அடி வாங்கி பேஸ் எடுக்கக்கூடாது. விலகாமல் நின்றால் அடிபட்டதுதான் மிச்சம். பந்து செத்தது, பேஸும் இல்லை.

"சின்னப்பிள்ளைகள்தானே, அநேகமாகக் கொடுத்துவிடுங்கள்" என்றார் யென்ஸ். "பயத்தில் உறைந்து நிற்கிற பிள்ளைக்கு விலகத் தெரியாது. தெரிந்துகொண்டே நிற்கிறதென்று உங்களுக்கு நிச்சயமாக இருந்தால் மட்டும் கொடுக்காதீர்கள்."

அந்தக் கோடையில் பந்து பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் பேஸ் கொடுத்தேன். ஒரு பிள்ளையின் மனதுக்குள் போய் நிச்சயம் பார்க்க என்னால் முடியுமா?

கோல்டிங்கில் தொழிற்சாலை வேலை செய்யும் குலம் அண்ணை சில சனிக்கிழமைகளில் ரயிலேறி எங்களிடம் வருவார். மனைவியும் பிள்ளைகளும் இன்னும் ஊரில். அவர்களைக் கூப்பிடுவதற்கான அலுவல் ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரில் கோப்போடு கோப்பாகக் கிடக்கிறது. ஒருநாள் மைதான ஓரத்தில் நான் விதியை விளங்கப்படுத்த, அவர் ஆறுதலாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எங்கட பாடும் உதுதான் தம்பி. டெட் போல். அவுட்டும் இல்லை, ஓடவும் ஏலாது."

"இதிலை அம்பயர் கடைசியா பிளே எண்டு சொல்லுவான், அண்ணை."

"உனக்குச் சொல்லிப்போட்டாங்கள்" என்றார்.

அதன் பிறகு நான் விளையாட்டையும் அகதி வாழ்க்கையையும் ஒப்பிடுவதில்லை. என் மனைவியும் பிள்ளையும் என்னோடு இருக்கிறார்கள்.

ஊரில் எங்கள் சனிக்கிழமை ஆட்டங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோனது அன்று நினைவுக்கு வந்தது. முதலில் வெளியூர் அணிகள் வருவதை நிறுத்தின. பிறகு பிள்ளைகளை வீட்டுக்காரர் அனுப்பவில்லை. கடைசியாக நான் விக்கெட்டுக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோதுகூட, விளையாட்டு முடிந்துவிட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை.

5

போன சனிக்கிழமை கோல்டிங் பிள்ளைகள் பஸ்ஸில் வந்தார்கள். குலம் அண்ணையும், "எங்கட ஊர்ப் பிள்ளையள் விளையாடுகினம்" என்று சொல்லிக்கொண்டு வந்திருந்தார். கோல்டிங் அவருக்கு எப்போது ஊரானது என்று நான் கேட்கவில்லை.

கடைசிச் சுற்று. எங்கள் அணிக்கு ஒரு ஓட்டம் குறைவு. இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவர் போனால் கதை முடிந்தது. மூன்று பேஸிலும் எங்கள் பிள்ளைகள் நிற்கிறார்கள். அடிக்க வந்தது வதனி.

நான் அவளுக்குப் பின்னால், பந்து பிடிக்கிற பிள்ளைக்கும் பின்னால், முகமூடி போட்டு நின்றேன். முழங்கால் சம்பவத்துக்குப் பிறகு மைதானத்தில் அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்றும் பார்க்கவில்லை. ஆனால் விதி படித்த பிறகு நான் பெரிய பிழை ஒன்றும் விடவில்லை, காலும் தூக்கவில்லை. அது அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

எறிகிற பெடியன் களைத்துப்போயிருந்தான். அவன் கையிலிருந்து வழுவிய பந்து அவளுடைய உடம்பைப் பார்த்து வந்தது. வேகம் இல்லை. பக்கத்து வீட்டு மாமிகூட விலகியிருக்கலாம். வதனி பந்தைப் பார்த்தாள். நாடியை உயர்த்தினாள். பின்னங்காலை நிலத்தில் அழுத்தி ஊன்றினாள். பந்து அவளுடைய இடது மேற்கையில் பொத்தென்று பட்டது.

என் இரண்டு கைகளும் மேலே போயின. "டெட் போல்!"

எல்லோரும் நின்ற இடத்தில் நின்றார்கள். எங்கள் வாங்குக்காரர் துள்ளிக் குதித்தார்கள். அவள் முதல் பேஸுக்குப் போனால் மற்றவர்கள் ஒவ்வொரு பேஸ் நகர்வார்கள், மூன்றாம் பேஸில் நிற்கிற பிள்ளை வந்து சேரும், ஆட்டம் சமநிலை. வதனி துடுப்பை வைத்துவிட்டு முதல் பேஸை நோக்கி நடந்தாள். கையைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. முதுகு நேராக இருந்தது.

கொடுத்திருக்கலாம். கோல்டிங்காரரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த இடத்தில் வேறு எந்தப் பிள்ளை நின்றிருந்தாலும் பயந்துவிட்டது என்று நினைத்துக் கொடுத்திருப்பேன். ஆனால் அவள் பயப்படவில்லை. அவளுடைய காலுக்குப் பின்னால் இல்லாத சைக்கிளை நான் பார்த்தேன். அந்த மைதானத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

டெனிஷ் வாயில் வரவில்லை.

"வதனி, திரும்பி வா பிள்ளை. பேஸ் இல்லை."

மைதானத்தில் அவளையும் குலம் அண்ணையையும் தவிர வேறொருவருக்கும் விளங்கவில்லை. அவள் பாதி வழியில் நின்று, அத்தனை நாளுக்குப் பிறகு முதன்முதலாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியாது.

யென்ஸ் ஓடி வந்தார். "பந்து பட்டதுதானே!"

"பட்டது. அவள் விலகவில்லை."

"பயந்திருப்பாள்."

"பயப்படவில்லை."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் பழக்கினேன்."

யென்ஸ் திரும்பி வாங்குப் பக்கம் போனார். நான் "பிளே" என்றேன். அடுத்த மூன்று பந்துகளிலும் வதனி காற்றைத்தான் அடித்தாள். பேஸ்போலில் மூன்று முறை தவறினால் அவுட். தோற்றுப்போனோம்.

வீட்டுக்கு வரும் வழியில் குலம் அண்ணை, "சொந்தப் பிள்ளைக்குக் குடுக்காமல் ஆருக்கடாப்பா குடுக்கப்போறாய்?" என்றார். வதனி முன்னால் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். சிவப்பு விளக்குக்கு நின்றபோது, என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"விலகாதை எண்டு நீங்கள்தானே அப்பா சொன்னனீங்கள்?"

"ஓம்."

"அப்ப ஏன்?"

"அது அங்கத்தைய விளையாட்டு, பிள்ளை."

"நான் இஞ்சைதானே விளையாடுறன்."

கோபத்தில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். விளங்காததைக் கேட்கிற குரலில் சொன்னாள். பச்சை விழுந்ததும் அவள் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

இரவு கமலா அவளுடைய கையைப் பார்த்தாள். கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது. எண்ணெய் தடவிக்கொண்டே எனக்குச் சொன்னாள்: "விலகாதை எண்டு பழக்கினதும் நீங்கள், விலகேல்லை எண்டு பிடிச்சதும் நீங்கள். பிள்ளை என்னதான் செய்யிறது?"



6

ஞாயிறு காலை டென்னிஸ் பந்தை எடுத்துக்கொண்டு, "கீழை வாறியே?" என்று வதனியைக் கேட்டேன். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். "யா" என்று சப்பாத்தைப் போட்டாள்.

புல்வெளியில் என் சைக்கிள் வழக்கமான இடத்தில் நின்றது. அவள் பழக்கத்தில் போய், பின்னங்கால் அதில் முட்டும்படி நின்றாள். நான் கிட்டப் போய்ச் சைக்கிளை எடுத்து, தூரத்தில் சுவரோடு சாய்த்து வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உடம்பைப் பார்த்து எறிந்தேன். அசையவில்லை. பந்து தொடையில் பட்டு உருண்டது.

"விலகு" என்றேன். அந்தச் சொல்லை அவளுக்கு நான் அதற்கு முன் சொன்னதே இல்லை.

வதனி என்னை நேரே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நின்று, மிகுந்த கம்பீரத்தோடு வலது காலைத் தூக்கி முழங்காலைத் தட்டினாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும் சிரித்தாள். கமலா பல்கணியில் வந்து நின்று, "அடிபட்ட பிள்ளைக்கு ஏன் திரும்பவும் எறியிறியள்? ரெண்டு பேருக்கும் விசரோ?" என்றாள்.

"விலகப் பழக்கிறன்!" என்று மேலே பார்த்துக் கத்தினேன்.

வதனி டெனிஷில், "அப்பா, இன்னும் வேகமாக" என்றாள். நான் நாலடி பின்னுக்குப் போய், நோ படாத கையைப் பார்த்து, உள்ள பலத்தையெல்லாம் சேர்த்து எறிந்தேன். அவள் கடைசி நொடி வரைக்கும் பந்தைப் பார்த்து நின்றுவிட்டு லேசாகப் பின்னுக்கு வளைந்தாள். பந்து அவளைத் தொடாமல் போனது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. விலகவும் நான்தான் பழக்கினேன் என்று மனதுக்குள் கொஞ்சம் நொந்தது. பந்தைப் பொறுக்க அவளுக்கு முன்னால் நான் ஓடினேன்.